கேள்வி எண் பதினேழு

பரமக்குடியில் நகலெடுத்த நூற்றிருபது படிவங்களோடு
பாலம் தாண்டிப் பாம்பனில் இறங்கி
சின்னப்பாலம்வரை நடந்தேன்.
காற்று ஒன்றைப் பறித்துக்
கருவாட்டுப் பாயில் ஒட்டியது.
ஆய்வின் முதல் பதில்
ஒரு காரல் மீனுடையது.

நம்புவள்ளி அப்போதுதான் கரையேறியிருந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியைப்
பல்லால் அவிழ்த்தபடி
ஐஸ்பெட்டி மூடியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"நீங்க என் ஆய்வுக்கு ஒரு மாதிரி."
"ஒரு மாதிரியா? நல்லாத்தான இருக்கேன்?"
பக்கத்துச் சாக்குகளிலிருந்தும் சிரிப்பு வந்தது.

தொழில் தொடங்கிய ஆண்டு?
"முங்குற கண்ணாடி வாங்குன வருஷம்."
மூலதனம்?
அந்தக் கண்ணாடி.
பழைய அலுமினியத் தட்டை வெட்டிப்
பாதத்தில் கட்டிய தகடு.
அப்புறம் மூச்சு.
"எழுதிக்க. ஒரு முங்குக்கு நாப்பது எண்ணுவேன்.
ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் முப்பது."
தேய்மானம் என்று ஓரத்தில் எழுதி
அடித்துவிட்டேன்.

தொழிலின் உரிமையாளர் யார்?
வள்ளம் ராவியத்தம்மாளின் மகனுடையது.
டீசல் ஆறு பேர் பங்கு.
தீவு வனத்துறையுடையது என்கிறார்கள்.
முன்பணம் ஏஜெண்டுடையது,
ஈரமென்று சொல்லி அவன் கழிக்கும் மூன்று கிலோவும்
அவனுடையதே.
"இடுப்புல கட்டுன சாக்கு என்னுது."
எனக்கிருந்தது ஒரே கட்டம்,
ஒரு டிக்.

கட்டுப்பாட்டு மாறிகள்: வயது, கல்வி, மணநிலை.
"கட்டுப்பாடுன்னா நாங்க போட்டது ஒண்ணு இருக்கு.
அது வேணுமா?"

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடல்.
சித்திரை பிறந்தால் நாற்பத்தைந்து நாள்
எவளும் முங்குவதில்லை.
வேரோடு பிடுங்கக் கூடாது.
இரும்புக் கரண்டி தொடக் கூடாது.
மரிக்கொழுந்துப் பாசிக்கு
ஏஜெண்ட் இரட்டை விலை சொன்ன வருஷமும்
கூடிப் பேசிக்
கரையிலேயே இருந்தார்கள்,
வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்க.

கேள்வி எண் பதினேழு.
கடந்த மூன்றாண்டுகளில்
தொழிலை விரிவாக்கத் தாங்கள் எடுத்த முடிவு:
புதிய கிளை,
கூடுதல் பணியாளர்,
இயந்திரம்,
எதுவுமில்லை.

"எடுக்கல.
எடுக்க வேண்டாம்னு முடிவு எடுத்தோம்.
அதை எங்க போடுவ?"

காரைக்குடி விடுதியில், இரவு,
மின்விசிறிச் சத்தத்தில் தரவு ஏற்றினேன்.
பொருந்தாது என்பதற்கு எண் தொண்ணூற்றொன்பது.
அறுபத்துநான்கு வரிசைகளில்
பதினேழாம் பத்தி முழுக்கத்
தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது.
துணிந்து இறங்குபவரே தொழில்முனைவோர்
என்றது என் இரண்டாம் அத்தியாயம்.
இறங்காமலிருக்கத் துணிந்தவர்களை
அது விடுபட்ட தரவு என்றது.
நெறியாளரிடம் காட்டினேன்.
"கேள்வியை நீக்கிடுங்க" என்றார்.
அதைத் தவிர மற்றவற்றை
நீக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல மறந்தேன்.
அன்று கிளம்பும்போது நம்புவள்ளி வழிமறித்தாள்.
"ஒன்னோட பேசுன நேரத்துல
ஈரப்பாசி சாக்குக்குள்ளயே வெந்துருச்சு.
எரநூறு குடு."
நூறு என்றேன்.
பேரத்தில் எனக்குப் பயிற்சி போதாது;
நூற்றெண்பதில் முடிந்தது.
ஒரு படிவத்தின் பின்பக்கம்
'பெற்றுக்கொண்டேன்' எழுதிக்
கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.
தேதி போட மறந்த என்னைத்
திரும்பக் கூப்பிட்டுப் போட வைத்தாள்.

பயணப்படிப் பட்டியலோடு அதையும் இணைத்திருந்தேன்.
கணக்குப் பிரிவு சிவப்பு மையில் திருப்பியிருக்கிறது:
எந்தத் தலைப்பின் கீழ்?

ஐயா,
ஆய்வுக்கே
இன்னும் தலைப்பு வைக்கவில்லை.